கேட்காமல் எடுத்த அட்டிகை

மருமகளுக்கு,

சாப்பாடு அடுப்படியில் மூடி வைத்திருக்கிறேன். ராத்திரி விருந்தில் சாப்பிடாமல் வந்த மாதிரி பட்டினி கிடக்காதே. கோபம் என்மேல்தானே, சோற்றின்மேல் இல்லையே. கிளம்பும்போது சாவியைப் பக்கத்து வீட்டில் கொடு.

நேற்று நீ கழுத்து மூடின சட்டைக்கு மேலே அட்டிகை போட்டு வந்து நின்றதும், "இதுக்கு நீளச் சங்கிலிதாம்மா எடுப்பா இருக்கும்" என்றேன். தையற்காரி வாய், சும்மா இருக்காது. நீ அதைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, வெறுங்கழுத்தோடு விருந்துக்குப் போனாய்.

காலையில் அது மேசையிலேயே கிடந்தது. என் கறுப்புக் காலர் சட்டைமேல் சும்மா வைத்துப் பார்த்தேன். சிவப்புக் கல் வரிசை அப்படியே எழுந்து நிற்கிறது. எத்தனையோ சட்டைக்குக் கழுத்து வெட்டின எனக்கு இது தோன்றவில்லை. உனக்கு நல்ல கண்.

இன்றைக்கு ஆபீஸில் போட்டோ எடுக்கிறார்கள் என்றாயே, என் முத்து மாலையைப் போட்டுக்கொள். உன் நிறத்துக்கு அள்ளிக்கொண்டு போகும். சென்ட் அடித்து முடித்தபிறகு கடைசியில் போடு. கழற்றியதும் மெல்லிய துணியால் துடைத்துப் பெட்டியில் படுக்கவை. ஆணியில் தொங்கவிட்டால் நூல் தளர்ந்துவிடும்.

அட்டிகையைத் தேடாதே. என் கழுத்தில் இருக்கிறது. தையல் கடையில் யார் கேட்டாலும் மருமகள் தேர்வு என்று சொல்வேன்.

இன்னொன்று. கொக்கி எனக்கு எட்டவில்லை. உன் மாமாவை எழுப்பி மாட்டச் சொன்னேன். "அவகிட்ட கேட்டியா?" என்றார்.

அதற்குத்தான் இந்தச் சீட்டு. போட்டுக்கொள்ளட்டுமா?