இரண்டாவது பிரேக்

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கே நான் நலம் என்று எழுதினால் அது பொய். ஆகவே மானம் போன விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்த நான், என் சொந்த வண்டியிலிருந்து, என்னிடமே பாடம் படித்த என் மனைவியால், ரோட்டோரத்தில் இறக்கிவிடப்பட்டேன். அதுவும் ஒரு கால் செருப்போடு. இன்னொன்று வண்டிக்குள் கிடக்கிறது. உங்கள் வீட்டில் யாராவது அதை வெளியே எறிவதற்கு முன் எடுத்து வையுங்கள்.

உங்கள் தங்கைகள் இருவரும் இந்நேரம் தங்கள் பக்கத்தை நடித்தே காட்டியிருப்பார்கள். சின்னவள் என் குரலில் பேசிக் காட்டும்போது நீங்கள் சிரித்ததும் எனக்குத் தெரியும். போனில் பின்னணியில் கேட்டது. என் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள்.

உங்கள் பெரிய தங்கை அடுத்த மாதம் வேலைக்குத் திரும்புகிறாள். முதலாளியைக் குழந்தைகள் காப்பகத்தில் விட்டுவிட்டு, அப்படியே தானே ஓட்டிக்கொண்டு ஆபீஸ் போவதாகத் திட்டம். (ஏழு மாதத்தில் ஒருவன் ஒரு வீட்டையே மிரட்டி வேலை வாங்கினால் அவனை முதலாளி என்று கூப்பிடாமல் வேறு எப்படிக் கூப்பிடுவது?) நான் “பார்க்கலாம்” என்றேன். அதற்கு அவள், “நீங்க பார்க்கலாம்னு சொன்னா முடியாதுன்னு அர்த்தம். லீவுக்கு அண்ணன் வீட்டுக்கு நானே ஓட்டறேன். நீங்க பக்கத்துல உட்கார்ந்து பாருங்க. பார்க்க மட்டும்தான் செய்யணும்” என்றாள். நானும் தலையை ஆட்டித் தொலைத்தேன். குழந்தை பிறந்த பிறகு எங்கள் முதல் உல்லாசப் பயணம் இப்படிப் பரீட்சையாக மாறியது. பரீட்சை அவளுக்கு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூட்டை கட்டிய கதையை விவரித்தால் தபால் கனத்துவிடும். இருப்பதிலேயே சின்ன ஆளுக்குத்தான் இருப்பதிலேயே பெரிய பெட்டி. அவன் குளிக்கும் தொட்டி, அந்தத் தொட்டிக்குள் அவன் துணி, துணிக்குள் சுற்றிய பால் புட்டிகள். நர்ஸ் வேலை பார்க்கும் சின்னவள் ஒரு மருந்துக்கடையையே பையில் போட்டுக்கொண்டு வந்தாள். என் பங்குக்கு ஒரு சட்டை கொண்டுபோக இடம் கேட்டேன். “போட்டிருக்கீங்களே மாமா, அது போதாதா?” என்றாள்.

இப்போது வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களிடம் இருப்பது பயிற்சிப் பள்ளி வண்டி ஒன்றுதான். மற்ற வீட்டு ஆண்கள் பக்கத்து இருக்கையில் பயந்தால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வாயால் கத்துவார்கள். அதோடு சரி. என் காலடியில் நிஜமாகவே இன்னொரு பிரேக் இருக்கிறது. எத்தனை மதில்சுவர்களை அது காப்பாற்றியிருக்கிறது என்று ஊருக்கே தெரியும். எதிரே எது வந்தாலும் என் கால் என்னைக் கேட்காமலே வேலை செய்யும். தூக்கத்தில் கட்டில் காலை உதைப்பதாக உங்கள் தங்கையே பல தடவை புகார் சொல்லியிருக்கிறாள். இது தெரிந்தும் அந்த இருக்கையில் என்னை உட்காரவைத்தது யார் தப்பு?

கேட்டைத் தாண்டும்போதே முதல் தடவை அழுத்தினேன். தூண் அவ்வளவு பக்கத்தில் இருந்தது. பின்னால் சின்னவள் கையிலிருந்த புட்டி எகிறி, பால் முழுக்க அவள் மடியில். “தூணைப் பார்த்துட்டேங்க” என்றாள் என் மனைவி. பொறுமையாகத்தான் சொன்னாள்.

அடுத்தது ஒரு நாய். குறுக்கே வரவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வரலாமா என்று யோசித்தது. அதன் முகத்திலேயே தெரிந்தது. அப்போதுதான் கண் அசந்த முதலாளி தூக்கிவாரிப் போட்டு எழுந்து ஊரைக் கூட்டினார். சின்னவள் தட்டிக்கொடுத்து மறுபடி தூங்கவைத்தாள். உடனே எதிரே ஒரு தண்ணீர் லாரி. அது நின்றுகொண்டிருந்த லாரி என்பது பிறகுதான் தெரிந்தது. மறுபடி அழுகை. “மாமா, உங்க காலுக்கு ஒரு கட்டு போடட்டுமா? பையில பஞ்சு, துணி எல்லாம் இருக்கு” என்றாள் சின்னவள். மச்சான், ஒரு நர்ஸ் அப்படிப் பேசலாமா?

செருப்பால்தான் பிரேக் அதிகமாக அழுந்துகிறது என்று நினைத்து அப்போதுதான் ஒன்றைக் கழற்றினேன். நான் முயற்சியே எடுக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

இதற்கு நடுவில் பின்னால் வந்த வேன்காரன் ஒட்டி ஒட்டி வந்து ஹாரன் அடித்தான். முந்திப் போகும்போது தலையை நீட்டி, “ஏன்மா, முதல்ல ஒழுங்கா கத்துக்கிட்டு ரோட்டுக்கு வாம்மா” என்று சொல்லிவிட்டுப் போனான். அவள் புரியாமல் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னல் வழியாக வானிலையைக் கவனித்தேன். கூரைமேல் இருக்கும் ‘பயிற்சி வண்டி’ பலகையைக் கழற்றச் சொல்லி முந்தின நாளே சொல்லியிருந்தாள். கழற்றிவிட்டேன் என்றும் சொல்லியிருந்தேன். கழற்றவில்லை. அந்தப் பலகையைப் பார்த்தால் மற்ற வண்டிகள் நாலடி தள்ளிப் போகும், குழந்தைக்கு நல்லது என்று நினைத்தேன். ஒரு தகப்பன் வேறு என்ன நினைப்பான்?

அவள் எதுவும் பேசவில்லை. பேசாதபோதுதான் அவளிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று நீங்கள் கல்யாணத்தன்றே என்னிடம் சொல்லியிருக்கலாம்.

பிறகு ஒரு வேகத்தடை வந்தது. அவள் மெதுவாகத்தான் ஏற்றினாள். நானும் அழுத்தினேன். இரண்டு பிரேக்கும் சேர்ந்து வண்டி குலுங்கி அணைந்தது. முதலாளி அழுத அழுகையில் சின்னவளே காதைப் பொத்திக்கொண்டாள்.

என் மனைவி வண்டியைக் கிளப்பி, சைகை விளக்கைப் போட்டு, கண்ணாடி பார்த்து, ஓரங்கட்டி, கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, கைப்பிரேக்கை இழுத்தாள். வகுப்பில் நான் சொல்லிக்கொடுத்த அதே வரிசை. “இறங்குங்க” என்றாள். டயரைப் பார்க்கச் சொல்கிறாள் என்று நினைத்தேன். இறங்கி, கதவைச் சாத்தி, பின் டயரைக் குனிந்து தட்டிப் பார்த்தேன். காற்று சரியாக இருந்தது. நிமிர்ந்தபோது வண்டி நகர்ந்துகொண்டிருந்தது. அப்போதும் சைகை கொடுத்துத்தான் எடுத்தாள். ஒரு மார்க் குறைக்க முடியாது.

ஜன்னல் வழியாக அவள் சொன்னது இதுதான்: “நீங்க பிரேக் போட்டுப் பிடிக்கறது வண்டியை இல்லைங்க, என்னை.”

அன்று முதல் போனில் என்னோடு பேசவில்லை. எப்போது கூப்பிட்டாலும், “குழந்தையைக் குளிப்பாட்டிட்டிருக்கா மாப்ளே” என்கிறீர்கள். உங்கள் வீடு கடல் பக்கத்தில் இருப்பதற்காக ஒரு பிள்ளையை நாள் முழுக்கவா குளிப்பாட்டுவீர்கள்? லீவு முடிந்து நேராக இங்கே வருவாளா, அங்கேயே வேலை பார்த்துக்கொள்வாளா என்று சின்னவளைக் கேட்டேன். “அது உங்க கால்லதான் இருக்கு மாமா” என்று வைத்துவிட்டாள். வீட்டில் எங்கே திரும்பினாலும் துணி காயப்போடும் கொடி காலியாக ஆடுகிறது. காது வலிக்கும் அளவுக்கு அமைதி.

ஆகவே ஒரு உதவி. உங்கள் ஊர் மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோய், என் பக்கத்துப் பிரேக்கை அடியோடு கழற்றச் சொல்லுங்கள். கூரைப் பலகையையும்தான். பள்ளிக்கு நான் வேறு வண்டி பார்த்துக்கொள்கிறேன். அதுவரை வகுப்புக்கு விடுமுறை என்று எழுதி ஒட்டிவிட்டேன். கழற்றிய பிறகு சாவியை அவள் கையில் கொடுங்கள். நான் சொல்லித்தான் கழற்றியது என்று சொல்லுங்கள். நானே கெஞ்சினேன் என்று மட்டும் சொல்ல வேண்டாம். திரும்பி வரும்போது அவளே ஓட்டி வரட்டும். நான் வாசலில் நிற்பேன். கேட்டைக்கூட முன்னாலேயே அகலத் திறந்து வைத்துவிடுவேன்.

இத்துடன் வரும் பார்சலில் முதலாளியின் நீலப் போர்வை இருக்கிறது. என் மடியில் இருந்ததால் என்னோடு இறங்கிவிட்டது. அது இல்லாமல் அவன் சரியாகத் தூங்க மாட்டான். நானும்தான் இங்கே தூங்கவில்லை; அதற்குப் போர்வை காரணமில்லை.

எல்லோரும் நல்லபடியாக வந்து சேர வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மாப்பிள்ளை

பி.கு.: அவ்வளவு தூரத்திலிருந்து எப்படி வீடு போய்ச் சேர்ந்தீர்கள் என்று நேற்று கவலையோடு கேட்டீர்கள். இடத்தை மட்டும் அவள் உங்களிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. நடந்தேதான் வந்தேன். கிளம்பும் அவசரத்தில் மேசையில் பாதி குடித்துவிட்டு வைத்த காபி இன்னும் ஆறியிருக்கவில்லை.