சட்டியின் ஓரம்

தெத்தோவோ,
வெள்ளிக்கிழமை

அன்பு மகன் இல்சோவுக்கு அம்மா எழுதுவது. நான் நலம், முழங்கால் மட்டும் நலமில்லை. நீ மால்மோவில் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். சட்டி பீன்ஸ் எப்படிச் செய்வது என்று கேட்டு எழுதியிருந்தாய். கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி அங்கேயே செய்யப் போகிறாய் என்றால் இந்த வருஷமும் வரமாட்டாய் என்றுதானே அர்த்தம், அதை நேராகவே சொல்லியிருக்கலாம். சரி, கேட்டதற்குச் சொல்கிறேன்.

காய்ந்த வெள்ளை பீன்ஸ் விதையை முதல்நாளே ஊறப்போடு. ஒரு கொதி வந்ததும் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீரில் வேகவை, இல்லாவிட்டால் வயிறு உன்னைத் தூங்கவிடாது. வெங்காயத்தை எண்ணெயில் நிதானமாக வதக்கி, இறக்கும்போது மிளகாய்த்தூள் போடு, கருகினால் கசக்கும். எல்லாவற்றையும் மண்சட்டியில் சேர்த்து, மேலே வற்றல் மிளகாய் வைத்து ஓவனில் விடு. காரம் அப்பாவுக்காகக் கூட்டினது, புதினா உனக்குப் பிடிக்காதென்று விட்டது, உன் நாக்குக்கு எது ஏற்குமோ அப்படி மாற்றிக்கொள். அப்பா போன பிறகு நானும் என் ருசிக்குச் செய்யலாமென்று அடுப்படிக்குப் போனேன், என் ருசி என்னவென்றே தெரியவில்லையடா. எதிர்வீட்டு பாவ்லினா எட்டிப் பார்த்து, ஒத்தை ஆளுக்கு எதுக்குடி இவ்ளோ பெரிய சட்டி, பட்டாளமா வருதுன்னு கேட்டாள். சின்னச் சட்டி வாங்க மனசு வரலைடீன்னு சொன்னேன். அதற்கு அவள் சிரிக்கவில்லை, உட்கார்ந்து ஒரு காபி குடித்துவிட்டுப் போனாள்.

நீயாக ஒரு தடவை செய்து பார்த்ததில் ஓரம் மொறுமொறுவென்று வரவில்லை, இன்னும் எவ்வளவு நேரம் விடணும் என்றும் கேட்டிருக்கிறாய். அதை என்னிடம் கேட்டால் எப்படி? ஓரத்துக்கு நீயும் அப்பாவும்தானே கரண்டிச் சண்டை போடுவீர்கள், நான் நடுவில் இருப்பதைத்தான் அள்ளிக்கொள்வேன். போன வெள்ளிக்கிழமை சண்டைக்கு ஆளில்லை, சட்டி முழுக்க எனக்குத்தான், அப்படியும் பழக்கதோஷம், நடுவிலேயே தின்றுவிட்டு எழுந்துவிட்டேன். மறுநாள் பார்த்தால் ஓரம் மட்டும் வட்டமாக ஒட்டிக்கொண்டு நிற்கிறது. சுரண்டி எடுக்கக் கை வரவில்லை. இந்த வீட்டில் நான் மட்டும்தான் என்று அப்போதுதான் உறைத்தது, அழுதுவிட்டேன்.

கடவுளும் மாதாவும் உனக்குத் துணையிருக்கட்டும். கம்பளிச் சட்டை இல்லாமல் வெளியே போகாதே. ஒருவேளை மனசு மாறி வந்தாயானால், அன்றைக்கும் பெரிய சட்டிதான். ஓரமெல்லாம் நீயே எடுத்துக்கொள், ஒரு கரண்டி மட்டும் எனக்கு விட்டு வை, எப்படித்தான் இருக்கிறதென்று பார்க்கணும்.

உன் அம்மா,
வெலிகா