குஞ்சுவின் இடுப்பு நூல்

இன்று காலை கோலியர்ஸ் வுட்டில் பஸ் ஏறினேன். பக்கத்து இருக்கையில் ஓர் இளம் தாய், மடியில் கத்துகிற குழந்தை. அவள் ஒரு கையால் போத்தலைக் குலுக்கி, மணிக்கட்டில் ஒரு துளி விட்டுச் சூடு பார்த்தாள். அந்த இளஞ்சூட்டுப் பால்மா வாசம் மூக்கில் ஏறியதும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நீ போய் மூன்று மாதமாகிறது. உன் உடுப்புகளை மடித்துக் கட்டியபோதும் செத்தவீட்டிலும் அழாதவள், யாரோ ஒரு பிள்ளையின் பால்போத்தலைப் பார்த்து மூக்கைச் சிந்தினேன். இறங்க வேண்டிய இடத்தையும் தாண்டிப் போய்விட்டேன். பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

அந்த வாசம் உன்னுடையது. ஆஸ்பத்திரியில் பச்சைப் பிள்ளைகளின் வார்டில் வேலை செய்துவிட்டு நேரே எங்கள் வீட்டுக்கு வருவாய், வந்த கையோடு என் மகனைத் தூக்குவாய். நாங்கள் இருவரும் லண்டனுக்கு வந்த புதிதில் டூட்டிங்கில் ஒரே அறையில் கிடந்தவர்கள். எனக்குக் கலியாணமாகிப் பிள்ளையும் பிறந்தது. உனக்குச் சனங்கள் மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்தார்கள். நீயோ ஒருநாள் வந்து, இரண்டு மாத லீவு எடுத்துத் தென்னாபிரிக்காவுக்குப் போகிறேன் என்றாய். அங்கே தாயை இழந்த குரங்குக் குட்டிகளை எடுத்துப் பால் கொடுத்து வளர்த்துக் காட்டில் விடுகிற ஓரிடம் இருந்தது. உன் வார்டு வேலையைக் கேட்டதும் உடனே வரச் சொல்லிவிட்டார்களாம்.

“சனம் மாப்பிள்ளை பாக்குது, நீ குரங்கு பாக்கப் போறியோ?” என்று இவர் கேட்டார். உன்னோடு கொழுவாவிட்டால் என் கணவருக்குச் சோறு இறங்காது.

“உங்களோட பழகினாப்பிறகு குரங்கு ஒரு விசயமே அண்ணை?” என்று நீ திருப்பிக் கொடுத்தாய்.

திரும்பி வந்த சனிக்கிழமை மத்தியானம் படங்களோடு வந்தாய். கறுத்து மெலிந்து, கையெல்லாம் நகக்கீறலோடு இருந்தாய். படத்தில், ஒரு துணிப் பொம்மையை இறுக்கிக் கட்டிப்பிடித்தபடி கறுப்பு மயிரோடு கையளவு குட்டி ஒன்று. தாயைக் கார் அடித்துவிட்டது, இது செத்த தாயின் வயிற்றை விடாமல் பிடித்துக்கொண்டு கிடந்தது என்றாய். அங்கே அதற்கு ஏதோ ஆங்கிலப் பெயர். நீ கூப்பிட்டது குஞ்சு.

ஞாயிற்றுக்கிழமை, அதாவது மறுநாள், குஞ்சுவை வளர்ப்புத் தாய்க் குரங்கு ஒன்றோடு, மரங்களைச் சுற்றி அடைத்த பெரிய கூட்டுக்குள் விடப்போகிறார்கள் என்று சொன்னாய். அதற்குப் பிறகு மனிதக் கை அவன்மேல் படக்கூடாது. பட்டால் அந்தத் தாய் அவனை ஒதுக்கிவிடும். இரண்டாம் முறை தாயை இழக்கிற குட்டி பால் குடிக்க மறுத்துச் சாகும். அதனால்தான் கடைசிக் கிழமை உன்னையும் அவனைத் தொட விடாமல் வேறு வேலைக்கு மாற்றிவிட்டார்களாம். “தன்ர சின்னக் கூட்டுக்குள்ள இருந்து என்னைப் பாத்துக் கத்தினவன். நான் திரும்பிப் பாக்காமல் வந்திட்டன்” என்றாய். சொல்லும்போது மகனின் உடுப்பை மாற்றிக்கொண்டிருந்தாய்.

என் மகனுடைய அரைஞாணை நீதான் முப்பத்தோராம் நாள் கட்டியது. மனோர் பார்க் கோயிலில் பூசையில் வைத்தெடுத்த கறுப்பு நூலை நீயே முறுக்கித் திரித்தாய். பிள்ளை வளர வளர நீதான் வந்து இளக்கிவிடுவாய், வேறு யாரையும் தொட விடமாட்டாய். இரண்டு மாதமாக நீ இல்லாததால் நூல் இடுப்பில் அழுந்திக் கிடந்தது. “பாரன், என்ன மாதிரி இறுகிப்போச்சு” என்றபடி முடிச்சை நெகிழ்த்தினாய்.

அப்படியே உன் கை நின்றது. உன் முகத்தைப் பார்த்துப் பிள்ளைக்கு ஏதோ ஆகிவிட்டதென்று நான் ஓடிவந்தேன்.

“குஞ்சுவுக்கும் கட்டினனான்” என்றாய். “கழட்டேல்லை.”

குட்டிகளைப் பார்க்க ஆட்கள் வந்து போன ஒருநாள் குஞ்சுவுக்கு வயிற்றோட்டம். மருந்து கொடுத்தும் நிற்கவில்லை. வந்தவர்களின் கண்பட்டு நாவூறாகிவிட்டதென்று நினைத்து, கைப்பையில் மிச்சமிருந்த நூலை அவன் இடுப்பில் கட்டினாய். அடுத்த நாள் சுகம். கறுப்பு மயிருக்குள் கறுப்பு நூல், மேலே நப்பித்துணியும் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. மிருகங்களின் உடம்பில் எதையும் கட்டக்கூடாது என்பது அங்கே முதல் நாளே சொல்லிக் கொடுத்த சட்டம். மீறியவர்களுக்கு அந்த வாசல் பிறகு திறக்காது. புறப்படும் நாளில் வெட்டிவிடலாம் என்று இருந்திருக்கிறாய். அவர்கள் முன்கூட்டியே அவனை உன்னிடமிருந்து பிரித்தார்கள், நீ அழுத அழுகையில் நூலை மறந்தே போனாய்.

“நூல்தானே, தன்பாட்டில அறுந்து விழும்” என்றார் இவர்.

“என்ர நூல் அறாது அண்ணை. சுருக்கு முடிச்சு வேற. இழுக்க இழுக்க இறுகும்.”

வளர்கிற இடுப்பு. கொப்புக் கொப்பாகத் தாவுகிற சாதி. ஒரு சுள்ளி நூலுக்குள் மாட்டினால் போதும், அவன் தொங்கிவிடுவான். அவன் மரக்கூட்டுக்குள் போக முன் யாராவது அதை வெட்டியாக வேண்டும்.

சந்திக் கடைக்கு ஓடிப்போய் போன் காட் வாங்கி வந்தேன். நீ நாணயத்தால் சுரண்டி நம்பரை அமத்தினாய். லைன் பிசி. அங்கே ஒரே ஒரு தொலைபேசிதான், யாராவது இன்டர்நெட்டில் இருந்தால் வேறு அழைப்பு எதுவும் போகாது என்றாய். மறுபடி அமத்தினாய், மறுபடியும் பிசி. நான் வைத்த தேத்தண்ணியில் ஆடை படர்ந்துவிட்டது. அங்கே நேரம் இங்கத்தையைவிட இரண்டு மணித்தியாலம் முந்தி, இருட்டினால் ஒன்றும் செய்ய ஏலாது என்று நீ சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாய்.

“உன்ர பேரைச் சொல்லாதை. இன்னொரு ஆள் நூலைக் கண்டதாச் சொல்லு” என்று இவர் மெல்லச் சொன்னார். இந்த முறை பகிடி இல்லை, உனக்காகத்தான் சொன்னார். அடுத்த வருடமும் போகவென்று நீ அப்போதே ஓவர்டைம் செய்யத் தொடங்கியிருந்தது அவருக்கும் தெரியும்.

“எப்பிடிக் கட்டினது, எந்தப் பக்கம் முடிச்சு எண்டு கேப்பினம். கட்டின ஆள்தான் சொல்ல ஏலும்.”

கடைசியில் மறுபக்கத்தில் மணி அடித்தது. எடுத்தவர் யாரோ ஓர் இளம்பிள்ளை. நீ பொறுப்பாளரைக் கூப்பிடச் சொன்னாய். அவர் கண்டிப்பான ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, உனக்கு அவரில் பயம் கலந்த மரியாதை. வணக்கம் கூடச் சொல்லாமல், குஞ்சுவின் இடுப்பில் நான் ஒரு நூல் கட்டினேன், கழற்ற மறந்துவிட்டேன், நாளைக்கு முன் வெட்டிவிடுங்கள் என்று ஒரே மூச்சில் ஆங்கிலத்தில் சொன்னாய்.

பிறகு அவர் ஏதோ சொல்ல, நீ கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டாய். மறுநாள் மழை வரப்போகிறதென்று அன்று காலையே அவனை உள்ளே விட்டுவிட்டார்களாம். வளர்ப்புத் தாய் உடனே வாரி அணைத்துக்கொண்டதாம். ஆனால் மத்தியானத்திலிருந்து அவன் கத்துகிறான், தாய் அவன் வயிற்று மயிருக்குள் எதையோ பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கிறது. பேன் பார்க்கிறதென்று நினைத்தார்களாம்.

அவர் கேட்டதற்கெல்லாம் நீ பதில் சொன்னாய். முடிச்சு இடப்பக்கம், நூல் பருத்தி, விரல் நுழைகிற இளக்கத்தில் கட்டியது. ஒவ்வொன்றையும் என் மகனின் இடுப்பைத் தொட்டுப் பார்த்துச் சொன்னாய். தாய்க்கு மயக்க ஊசி அடித்துத்தான் குட்டியை எடுக்க முடியும், விழித்த பிறகு அது அவனைச் சேர்க்குமா என்று தெரியாது என்று சொல்லி அவர் போனை வைத்துவிட்டார்.

நாங்கள் காத்திருந்தோம். அப்படி ஒரு பின்னேரம் எனக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. தொலைபேசிக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தாய். மகன் தவழ்ந்து வந்து உன் மடியில் ஏறினான், நீ அவனைத் தொடவில்லை. இவர் டிவியைப் போட்டார், உடனே நிற்பாட்டினார். ஒருமுறை மணி அடித்தது. என் மாமி ரெய்னர்ஸ் லேனிலிருந்து மரக்கறி விலை பேச எடுத்திருந்தா. நான் அவவில் பாய்ந்த பாய்ச்சலுக்கு இரண்டு மாதம் என்னோடு கதைக்கவில்லை.

இங்கே இருட்டத் தொடங்கியபோது பொறுப்பாளர் திரும்ப எடுத்தார். நூலை வெட்டியாயிற்று, தோல் வட்டமாக உரிந்து இரத்தம் கசிந்திருந்தது, இன்னும் சில நாள் போயிருந்தால் சதைக்குள் இறங்கியிருக்கும். தாய் விழித்துவிட்டது. ஆனால் குட்டியைப் பார்க்காமல் மூலையில் தனியே இருக்கிறது. காலையில் சொல்கிறேன் என்றார். நீ எங்கள் வீட்டிலேயே படுத்தாய்.

காலையில் நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. “ஏத்துக்கொண்டுதாம்” என்று நீ கத்தினாய். “நெஞ்சோட அணைச்சபடி கொப்பில இருக்காம்.” இவர் சாமிப் படத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகும் நீ போனை வைக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தாய். கடைசியில் “ஓம்” என்றாய், அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது என்பதையே மறந்து. சொன்னதால் அவனைக் காப்பாற்ற முடிந்தது, நன்றி. ஆனால் இனி நீ அங்கே வரக்கூடாது. அவ்வளவுதான் அவர் சொன்னது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “உண்மையைச் சொன்னதுக்கு இதுவோ மரியாதை?” என்று குதித்தேன்.

“அவ செய்தது சரி. அவவின்ர இடத்தில நானெண்டாலும் என்னை உள்ள விடமாட்டன்” என்றாய். “வாயில்லாச் சீவன். அவன் சொல்ல ஏலாது. எனக்கு வாய் இருந்ததுதானே.”

பிறகு நீ ஆபிரிக்கா பக்கம் போகவில்லை. கேட்டவர்களுக்கு லீவு கிடைக்கவில்லை என்றாய். சேர்த்த ஓவர்டைம் காசில் ஒரு சோபா வாங்கினாய், அது உனக்குப் பிடிக்கவே இல்லை. ஆபிரிக்கக் காட்டைக் காட்டுகிற நிகழ்ச்சி டிவியில் வந்தால் எழுந்து குசினிக்குள் போய்விடுவாய். அந்த இரண்டு மாதத்துப் படங்களில் இருந்த மாதிரிச் சந்தோசமாக உன்னை நான் வேறெப்போதும் கண்டதில்லை. அந்த வாசலை நீயே உன் கையால் மூடினாய் என்பது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

இந்த வருடம் பாரிசவாதம் வந்து உன் பேச்சை எடுத்துக்கொண்டது. நீ படுத்திருந்த வார்டில் எல்லாரும் அன்பாகத்தான் இருந்தார்கள். நிம்மதியாகத் தூங்குகிறார் என்று தாதி சொன்னாள். நீ தூங்கவில்லை. நோகும்போது கட்டைவிரலை உள்ளே மடித்துப் பொத்திப் பிடிப்பது உன் பழக்கம், டூட்டிங் அறையில் பல்வலியோடு கிடந்த காலத்திலிருந்து எனக்குத் தெரியும். மெல்லச் சொன்னேன். பார்க்கிறோம் என்றார்கள். மறுபடி சொன்னேன். டொக்டர் பிறகு வருவார் என்றார்கள். வெளியாட்களோடு, கவுன்சில் கந்தோரில் கூடக் குரல் உயர்த்தாத நான், அன்று அந்த வார்டின் நடுவில் நின்று, அவளுக்கு நோகிறது, அவளால் சொல்ல ஏலாது, நான் சொல்கிறேன் என்று தமிழும் இங்கிலீசும் கலந்து கத்தினேன். டொக்டர் ஓடிவந்தார். ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் உன் விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. அதற்குப் பிறகு, போகும்வரை, நீ கையைப் பொத்தவே இல்லை.

செத்தவீட்டுக்கு வந்தவர்களோடு என்னால் கதைக்க முடியவில்லை, வாயைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது. பாவம், அழுதழுதே குரல் போய்விட்டது என்று எல்லாரும் என் முதுகைத் தடவினார்கள். நான் யாரையும் திருத்தவில்லை. உனக்கு மட்டும் சொல்கிறேன், அது அழுததால் போன குரல் இல்லை, அந்த வார்டில் கத்திப் போன குரல்.