வைக்கோல் திணித்த கூடைகள்

லிலிபாயம்,
கோடை முடியும் கார்னெயோஸ் மாதம்

சோதாதஸ் தன் தங்கை திமாரெட்டாவுக்கு எழுதுவது. நலமாயிரு.

கருவாட்டு வியாபாரியிடம் என் போர் வரலாற்றைக் கொடுத்தனுப்பி இரண்டு அறுவடை முடிந்துவிட்டது. சிராக்யூஸில் நல்ல படியெடுப்பவர்கள் உண்டென்று நம்பி அனுப்பினேன். இருப்பது அந்த ஒரே பிரதி, தாயே! ரோமர் பக்கம் எழுத ஆயிரம் பேர் வருவார்கள். கார்த்தேஜ் படையில் நின்று சண்டை போட்டு, அதன் நியாயத்தை எழுதியவன் நான் ஒருவன்தான். எனக்கோ கண் மங்குகிறது. ஏன் பதிலே இல்லை?

உன் அண்ணன்,
சோதாதஸ்

*

சிராக்யூஸ்,
அறுவடை விழாவுக்கு மறுநாள்

அன்புள்ள அண்ணாவுக்கு, திமாரெட்டா.

நான் நலம். கோபிக்காதே. படியெடுக்கும் சிமியாஸ் எதையும் சத்தமாக வாசித்துக்கொண்டேதான் எழுதுவார். நானும் நூல் நூற்றபடி பக்கத்தில் இருந்தேன். நம் ஊர் அக்ரகாஸை ரோமர்கள் முற்றுகையிட்ட பகுதியை வாசித்ததும் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏம்மா, உங்க ஊர்ல ஜனமே இல்லையா? ரெண்டு படையும் காலி மனைக்கா அடிச்சுக்கிட்டுது?"

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. ரோமர் கண்ணில் மண்ணைத் தூவி உங்கள் படை தப்பியதைப் பெரிய வெற்றி என்று எழுதியிருக்கிறாய். மறுநாள் ஊருக்கு என்ன ஆயிற்று? ஒரு வரி சேர்த்துவிடு, அண்ணா.

உன் தங்கை,
திமாரெட்டா

*

லிலிபாயம்,
முதல் மழை நாள்

திமாரெட்டாவுக்கு,

ஒரு எழுத்தும் சேர்க்க மாட்டேன். சேர்த்தால், 'பாத்தீங்களா, ஊரை அம்போன்னு விட்டுட்டு ஓடிட்டானுங்க' என்று ரோமர்கள் கைகொட்டிச் சிரிப்பார்கள். அதற்கா இத்தனை பாடுபட்டேன்? போர் என்றால் படை, தளபதி, வியூகம். உனக்கு இதெல்லாம் புரியாது. சிமியாஸ் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளதை உள்ளபடி எழுதட்டும்.

சோதாதஸ்

*

சிராக்யூஸ்,
கடைசிக் கப்பல் புறப்படும் நாள்

அண்ணா,

'ரோமர்கள் ஊரைச் சுற்றி வெட்டிய அகழியை வீரர்கள் வைக்கோல் கூடைகளால் நிரப்பினார்கள்' என்று எழுதியிருக்கிறாயே, அந்தக் கூடைகளைத் திணித்தது யார்? நாங்கள். மதில் உடைப்பை அடைக்க வேண்டும் என்று சொல்லி வாங்கிப் போனது நீதான். "எம்புள்ள நிக்கிற இடம்டி, இறுக்கித் திணிங்க!" என்று அம்மா எல்லோரையும் விரட்டினாள். அவள் விரலெல்லாம் ரத்தம். அன்றிரவு அவற்றை மிதித்துத்தான் நீங்கள் தப்பிப் போனீர்கள். விடிந்ததும் ரோமர்கள் உள்ளே வந்தார்கள். அடிமைச் சந்தையில் அம்மாவை ஒருவன் வாங்கினான், என்னை இந்த ஊர்க்காரன் ஒருவன் வாங்கினான்.

கடற்பஞ்சை நனைத்து உன் சுருளைத் துடைத்துவிட்டேன். கரி மைதானே, சுலபமாகப் போய்விட்டது. வெறும் சுருளை அதே வியாபாரியிடம் கொடுத்திருக்கிறேன். மனமிருந்தால் எழுது. இல்லாவிட்டால் அவரே அதில் கருவாடு சுற்றிக்கொள்ளட்டும்.

திமாரெட்டா

*

லிலிபாயம்,
குளிர் முடிந்து கப்பல்கள் ஓடத் தொடங்கிய முதல் வாரம்

பாவி, என் பாதி ஆயுசைத் துடைத்துவிட்டாயே! உன்னை நான் மன்னிக்கப் போவதில்லை. குளிர்காலம் முழுக்க எழுத உட்கார்ந்தேன். அகழி வரைக்கும் கை ஓடுகிறது, அதற்குமேல் நகர மாட்டேன் என்கிறது.

அம்மாவை வாங்கியவன் எந்த ஊர்க்காரன்? அவளை ஏற்றிய கப்பல் எந்தப் பக்கம் போயிற்று? தெரிந்ததை உடனே எழுது.

சோதாதஸ்