மூடப்படாத கோப்புகள்

14 செப்டம்பர் 1999, செவ்வாய். பிரிக்பீல்ட்ஸ்.

இன்று அலுவலக சர்வர் கம்ப்யூட்டர் ஒரு தடவைகூட நிற்கவில்லை. மூன்று வாரமாகத் தினமும் மதியத்துக்குள் நின்றுபோகும். திறந்த கோப்புகள் மூடப்படாமல் சேர்ந்து, கடைசியில் புதிதாக எதையும் திறக்க முடியாது. மணிக்கொரு முறை எண்ணிக் குறித்துவந்தேன். நேற்றுதான் காரணம் தெரிந்தது. வாடிக்கையாளர் தவறான எண்ணைத் தட்டினால் நிரல் கோப்பை மூடாமலே திரும்பிவிடுகிறது. நான் எழுதிய வரி. யாரிடமும் சொல்லாமல் திருத்திவிட்டேன்.

நேற்று மாலையே மேனேஜர், என்னோடு வேலை செய்யும் விமலாவைச் சர்வர் வேலையிலிருந்து விலக்கியிருந்தது எனக்குத் தெரியாது.

இன்று மேனேஜர் சிரித்துக்கொண்டே வந்தார். "பாத்தீங்களா அங்கிள்? அவள எடுத்தோம், சர்வர் ஓகே லா. நாளைக்கு லெட்டர் கொடுத்து அனுப்பிடலாம்."

"இல்ல பாஸ், அது வந்து..."

"நீங்க ரொம்ப சாஃப்ட் அங்கிள். பாவம் பாக்காதீங்க லா."

அறுபத்திரண்டு வயதில் எனக்கு வேறு யார் வேலை தருவார்? என் மேசைக்குத் திரும்பிவிட்டேன்.

விமலா கேட்டாள்: "அங்கிள், நான் என்ன தப்பு பண்ணேன்னு உங்களுக்காச்சும் தெரியுமா?"

பார்க்கிறேன் அம்மா என்றேன்.

நாளை காலை ஒன்பது மணிக்குக் கடிதம் கொடுப்பார்கள். பழைய வரியும் புதிய வரியும் உள்ள தாள் என் சட்டைப் பையில் இருக்கிறது. எட்டரைக்கே போய் மேனேஜர் மேசைமேல் வைத்துவிட்டால் வாய் திறக்கவே வேண்டாம். ஆனால் அதில் என் பெயரை எழுத வேண்டும்.

எழுதிவிட்டேன். பென்சிலால்.