வலது பாதம்

பெருநகர்
26.2.2024

மைத்துனர் டாக்டர் மோகனுக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. போனில் எனக்கு நாக்குக் குழறும்; நீ முந்திக்கொள்வாய். ஆகவே எழுதுகிறேன். சொல்ல வந்தவை:

1. உன் அக்காவின் பாதத்தில் வந்ததைச் சாதாரணச் சீழ்க்கட்டி என்றாய்.
2. சீழோடு கறுப்புக் குருணை வந்ததைச் சொன்னபோது சிரித்தாய்.
3. இரண்டு முறை அறுத்தும் சதையைச் சோதனைக்கு அனுப்பவில்லை.
4. நீ ஆஸ்பத்திரிக்கு வரக் கூடாது.

முதலாவது: வலியே இல்லாத சீழ்க்கட்டி உண்டா? பள்ளியில் அறிவியல் நடத்திய எனக்குச் சந்தேகம் வந்தது. டாக்டர் நீ என்று வாயை மூடிக்கொண்டேன். அது என் கோழைத்தனம்.

இரண்டாவது: “சேத்துலயே நின்னுக்கினு இருந்தா மண்ணுதான்க்கா வரும்” என்றாய். மண் இல்லை. சென்னை டாக்டர் பார்த்ததுமே பூஞ்சை என்றார். முள் குத்திய வழியாக நுழைந்து இப்போது எலும்பைத் தின்கிறது.

மூன்றாவது: ஆடி மாதமே தெரிந்திருந்தால் மாத்திரையோடு போயிருக்குமாம். வரும் 11ஆம் தேதி மூன்று விரல்களை எடுக்கிறார்கள். உன் அக்கா சொக்கம்மாள் இனி நடவுக்கு இறங்க முடியாது.

சென்னை ரிப்போர்ட்டின் நகலைக் குண்டூசி குத்தி வைத்திருக்கிறேன். படி.

ஏகாம்பரம்

உத்திரமேரூர்
1.3.2024

மாமாவுக்கு,

கோபம் எனக்கும் வரும். முதல் இரண்டும் என் தவறு. அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கே என்மேல் அருவருப்பாக இருக்கிறது. ஆனால் மூன்றாவதை ஏற்க மாட்டேன். ஆடியில் அறுத்த சதையைச் சின்ன பாட்டிலில் மருந்து ஊற்றிப் போட்டு, பெயரெழுதி ஒட்டி, காஞ்சிபுரம் லேபில் கொடுக்கச் சொல்லி அக்காவிடம் கொடுத்தேன். நீங்கள் ஆட்டோ பிடிக்கப் போயிருந்தீர்கள். முடிவு என்ன ஆயிற்று என்று நான் கேட்காமல் விட்டது குற்றம்தான். அனுப்பவில்லை என்பது பொய். அவளையே கேளுங்கள்.

மோகன்

பெருநகர்
5.3.2024

மோகனுக்கு,

கேட்டேன்.

“ஆமா, குடுத்தான். நீ கிருத்திகைக்கு மாலை போட்டுக்கினு கீற. அறுத்த சதைய வூட்ல வெக்கச் சொல்றியா? ஒடம்புல போனது மண்ணுக்குத்தான் போவணும். வாய்க்கா ஓரமா பொதச்சிட்டேன்.”

“சோதனைக்குன்னு அவன் சொல்லலியா?” என்று கத்தினேன். முப்பத்தெட்டு வருடத்தில் முதல் முறை.

“சொன்னான். கத்தாத. காலு என்துதானே?”



முதல் இரண்டும் அப்படியே நிற்கின்றன. அவற்றை நான் மன்னிக்கவில்லை. மன்னிப்பேனா என்றும் தெரியவில்லை. முடிவைக் கேட்காமல் விட்டதையும் சேர்த்துக்கொள். நான்காவதை அவள் ஒப்புக்கொள்ளவில்லை. “தம்பி வராம நான் கத்திக்குக் கால நீட்ட மாட்டேன்” என்கிறாள். ஆகவே 11ஆம் தேதி காலை ஏழு மணிக்குள் வந்துவிடு. என்னிடம் பேச வேண்டாம்.

இன்னொன்று. அவள் அந்த பாட்டிலை வீசவில்லை. நன்றாக இருக்கிறதே என்று கழுவி என் மேசைமேல் வைத்திருக்கிறாள். ஏழு மாதமாக அதில்தான் குண்டூசி போட்டு வைத்திருக்கிறேன். உனக்கு வந்த ஊசியும் அதிலிருந்து எடுத்ததுதான். நேற்றுத் திருப்பிப் பார்த்தேன். சுவர்ப் பக்கமாக இருந்த காகிதத்தில் மை பாதி கரைந்துபோயிருக்கிறது. “வலது பாதம்” என்பது மட்டும் தெரிகிறது. உன் கையெழுத்து.

நான் எழுதிய மூன்றாவது தவறு.

ஏகாம்பரம்