வெயிலில் இறங்கிய தலைத்துண்டு

கிணத்துக்கடவு
12-5-96

அன்பு மகன் பிரவின்குமாருக்கு அம்மா எழுதுவது. நாங்கள் நலம் என்று எழுத இந்த முறை மாசாணியாத்தாளின் தயவு வேண்டியிருந்தது. பயப்படாதே, அப்பா இப்போது நன்றாகத் தேறிவிட்டார். நான் இதை எழுதும்போது எதிரில் உட்கார்ந்து, மோரில் உப்புப் போதவில்லை என்று குறை சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்தக் குறையைக் கேட்க எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது தெரியுமா.

போன வாரம் பண்ணாடி கந்தப்பன் தோட்டத்தில் தக்காளிக்குக் களை வெட்டினோம். இந்த வெயிலுக்கு விடியும் முன்பே காட்டில் இறங்கி, உச்சிக்கு முன்னால் வேப்ப மரத்தடிக்கு வந்துவிடுவோம். அன்றும் எல்லோரும் கரையேறும் நேரம் பார்த்துப் பண்ணாடி வந்து, வாய்க்கால் எங்கே உடைந்தது என்று அப்பாவைக் கூப்பிட்டார். உன் அப்பாவைத்தான் தெரியுமே, பண்ணாடி முகத்தைக் கண்டால் தலைத்துண்டு தானாகக் கக்கத்துக்கு இறங்கிவிடும். அவர் குடைக்குள் நின்று பேச, இவர் வெறுந்தலையோடு கொதிக்கிற மண்ணில் நின்று ஆமாங்க, செரிங்க என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கெட்ட எண்ணத்தில் நிறுத்தவில்லை. வாய்க்கால் முடிந்து மோட்டார், மோட்டார் முடிந்து சந்தை விலை என்று பேச்சு நீண்டுவிட்டது. ஒரு வாய் தண்ணீர் குடித்து வருகிறேன் என்று சொல்ல இவருக்கு நா எழவில்லை. நான் தண்ணீர்த் தூக்குப்போசியோடு பார்த்துக்கொண்டே நிற்கிறேன், என்னமோ சம்பந்தமில்லாமல் உளறினார், அப்படியே சாய்ந்துவிட்டார்.

தொட்டுப் பார்த்தால் உடம்பு தோசைக்கல்லாகக் கொதிக்கிறது, ஒரு பொட்டு வேர்வை இல்லை. கை கால் உதறியதைப் பார்த்து ஜன்னி என்று கூடக் களை வெட்டிய முத்தாத்தாள் சாக்கை எடுத்துப் போர்த்தினாள், நானும் சேர்ந்து இழுத்துப் போர்த்தினேன். உன் அம்மாவே அவரைக் கொன்றிருப்பாள் கண்ணு. நல்ல வேளை, பண்ணாடியின் மருமகள் புவனா அம்மணி ஓடி வந்து, ஏனுங்க, போர்த்தாதீங்க, சூடு வெளிய போகோணும் என்று சாக்கைப் பிடுங்கி எறிந்தார். சட்டையைக் கழற்றி, மோட்டார் தொட்டிக்குத் தூக்கிப் போகச் சொன்னார். அந்தத் தொட்டியில் நம் ஆட்கள் கை வைத்ததில்லை என்பது உனக்குத் தெரியும், எல்லோரும் தயங்கி நின்றோம். பண்ணாடிதான் முதலில் குனிந்து அப்பாவின் காலைப் பிடித்துத் தூக்கினார். இதை நான் இன்னும் அப்பாவிடம் சொல்லவில்லை, சொன்னால் அதற்கே மறுபடி மயங்கி விழுவார். தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றி, ஈரத் துணியால் விசிறி, கண் திறந்த பிறகு பண்ணாடியின் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உடம்பு வேர்த்து எவ்வளவுதானுங்க சூட்டை ஆத்தும், நெழலுக்குப் போறது, தலையை மூடறது, தண்ணி குடிக்கறது எல்லாம் மனுசன்தான் செய்யோணும் என்று டாக்டர் சொன்னார்.

புவனா அம்மணி நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். பண்ணாடியையும் மனதாரக் கும்பிடுகிறேன். நேற்று அவர் பார்க்க வந்தபோது அதைச் சொல்லிவிட்டு, இன்னொன்றும் சொன்னேன். நீங்க ஊத்துன தண்ணிய ஏழு சென்மத்துக்கும் மறக்க மாட்டேனுங்க, ஆனா இனி வெயில்ல இவரு துண்டை எடுக்க மாட்டாருங்க என்றேன். பண்ணாடி, செரி அம்மணி, பேசறதா இருந்தா நானே நெழலுக்கு வாரேன் என்றார். அவரே ஒத்துக்கொண்டார், உன் அப்பாதான் ஒத்துக்கொள்ளவில்லை. சின்ன வயசுப் பழக்கம், கை கேக்காது என்கிறார்.

நாக்பூர் வெயில் நம் ஊரை விடக் கொடுமை என்கிறார்கள். தண்டவாளத்து வேலையில் தாகம் எடுக்கும் வரை காத்திருக்காதே, அடிக்கடி தண்ணீர் குடி. மாசாணியாத்தாள் உன்னை நோய்நொடி இல்லாமல் காக்கட்டும்.

அப்பாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு, மறக்காதே. மரியாதையை எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கட்டும், உயிரைக் கொடுக்க வேண்டாம் என்று எழுது. நீ சொன்னால் கேட்பார். யார் எதிரில் வந்தாலும் தலையில் போட்ட தொப்பியைக் கழற்றாமல் வேலை செய்கிற முதல் ஆம்பளை நம் வீட்டில் நீதான்.

உன் அம்மா,
மாசாணியம்மாள்